18 குரங்குகளும் பிழைத்தன, நோயாளிகளில் பாதிப்பேர் இறந்தனர்: விலங்குச் சோதனை எதைச் சொல்கிறது?

எபோலாவுக்கான இசட்மேப் என்ற மருந்து 18 குரங்குகளையும் காப்பாற்றியது, ஆனால் அதே மருந்தைப் பெற்ற நோயாளிகளில் பாதிப்பேர் இறந்துவிட்டார்கள் என்று படித்திருக்கிறீர்கள். "அப்படியானால் ரத்தக்கசிவுக் காய்ச்சல்களை விலங்குகளில் ஆராய்வது வீண்தானே? மனிதனுக்கு மிக நெருக்கமான விலங்கு எது என்று முடிவு செய்துகொண்டு அதில் மட்டும் ஆராய்ந்தால் என்ன?" என்று கேட்டிருக்கிறீர்கள். எம்.எஸ்சி. கருத்தரங்குக்காக இதைத் தயாரிப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். இரண்டு கேள்விகள்போலத் தெரிந்தாலும் நீங்கள் அறிய விரும்புவது ஒன்றுதான்: விலங்கிடம் கிடைத்த ஒரு முடிவை நோயாளியின் படுக்கை வரை எவ்வளவு நம்பி எடுத்துச் செல்லலாம்?

நான் கால்நடை மருத்துவம் படித்தவன். நோய்க்குறியியலில் முதுநிலை முடித்துவிட்டு, ஆய்வக விலங்குகளின் திசுக்களை நுண்ணோக்கியில் பார்ப்பதையே பல ஆண்டுகளாக வேலையாகக் கொண்டிருக்கிறேன். எபோலாவைக் கையாளும் நான்காம் நிலைப் பாதுகாப்பு ஆய்வகத்தில் வேலை செய்தவன் அல்லன். குரங்குச் சோதனைகளைப் பற்றி நான் சொல்வது, வெளியான கட்டுரைகளையும் அவற்றின் திசுப் படங்களையும் ஒரு நோய்க்குறியியலாளனின் கண்ணோடு படித்ததிலிருந்து வருவது. அந்த வரம்பை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

"மிக நெருக்கமான விலங்கு" என்று ஒன்று இல்லை. ஒரு விலங்கு ஒரு கேள்விக்கு நல்ல பதிலைத் தரும், அடுத்த கேள்விக்குத் தவறான பதிலைத் தரும். இதற்கு எபோலாவைவிடத் தெளிவான சான்று மஞ்சள் காய்ச்சலின் வரலாற்றில் இருக்கிறது. 1918-இல் ஹிதேயோ நோகுச்சி என்ற ஜப்பானிய நுண்ணுயிரியலாளர், ஈக்வடாரின் குவாயாகில் நகரில், மஞ்சள் காய்ச்சல் என்று கருதப்பட்ட நோயாளிகளின் ரத்தத்தைக் கினிப்பன்றிகளுக்குச் செலுத்தினார். சில கினிப்பன்றிகளுக்கு மஞ்சள் காமாலை கண்டது, ரத்தம் கசிந்தது, உள்ளே ஒரு சுருள் பாக்டீரியாவும் கிடைத்தது. அதற்கு லெப்டோஸ்பைரா இக்டெராய்டிஸ் என்று பெயரிட்டு, அதுவே மஞ்சள் காய்ச்சலுக்குக் காரணம் என்று அறிவித்தார். அதற்கு எதிராகத் தடுப்பூசியும் தயாரானது. நோய் பார்ப்பதற்கு அப்படியே ஒத்திருந்தது, காரணம்தான் வேறு: அது எலிக்காய்ச்சலின் (லெப்டோஸ்பைரோசிஸ்) கிருமி. கினிப்பன்றிக்கு எலிக்காய்ச்சல் கிருமி எளிதில் தொற்றும், மஞ்சள் காய்ச்சல் வைரஸ் அப்படித் தொற்றி நோயாக்குவதில்லை. எனவே எந்தக் கிருமியைத் தேட வேண்டும் என்பதை ஆய்வாளருக்கு முன்பே அந்த விலங்கு முடிவு செய்துவிட்டது.

1927-இல் மேற்கு ஆப்பிரிக்காவில் ராக்ஃபெல்லர் அறக்கட்டளையின் குழுவில் இருந்த ஏட்ரியன் ஸ்டோக்ஸும் அவருடைய தோழர்களும் இந்தியாவிலிருந்து வரவழைத்த ரீசஸ் குரங்குகளைப் பயன்படுத்தினார்கள். ஆப்பிரிக்கக் குரங்குகள் இந்த வைரசோடு நெடுங்காலம் வாழ்ந்து பழகியவை; பொதுவாக அவற்றுக்குப் பெரிதாக நோய் வருவதில்லை. அந்த வைரசையே கண்டிராத ஆசிய மண்ணின் ரீசஸ் குரங்கோ தாங்கவில்லை. கோல்டு கோஸ்ட்டில் (இன்றைய கானா) அசிபி என்பவரின் ரத்தத்திலிருந்து குரங்குக்குச் சென்ற அந்த வைரஸ் இன்றும் அவர் பெயராலேயே அழைக்கப்படுகிறது. அசிபி பிழைத்துக்கொண்டார். ஸ்டோக்ஸ் அதே ஆண்டில் மஞ்சள் காய்ச்சலால் இறந்தார். தன் முடிவைச் சரிபார்க்க அக்ராவுக்குச் சென்ற நோகுச்சியும் 1928-இல் அதே நோயால் இறந்தார். அசிபி வைரசைப் பலவீனப்படுத்தி மேக்ஸ் தைலர் குழு 1937-இல் அறிவித்த 17டி தடுப்பூசியைத்தான், ஆப்பிரிக்காவுக்கோ தென் அமெரிக்காவுக்கோ செல்லும் நம்மவர்கள் இன்றும் போட்டுக்கொள்கிறார்கள். நோயை ஒத்த நோய் கிடைத்தால் போதாது, அதே கிருமியால் அதே வழியில் அது வந்திருக்க வேண்டும் என்ற பாடத்துக்கு இவ்வளவு பெரிய விலை கொடுக்கப்பட்டிருக்கிறது.

இனி எபோலா. நோயாளியிடமிருந்து எடுத்த எபோலா வைரசை வளர்ந்த சாதாரண ஆய்வக எலிக்குச் செலுத்தினால் அது சாவதில்லை. எலியின் உடலில் முதல் சில மணி நேரத்திலேயே சுரக்கும் இன்டர்ஃபெரான் என்ற எதிர்ப்புப் புரதம் வைரசை அடக்கிவிடுகிறது. மனித செல்லில் அந்தச் சுரப்பை முடக்கும் வைரசின் புரதங்கள் எலியிடம் அவ்வளவாக வெல்வதில்லை. ஆகவே இரண்டு வழிகள் பிறந்தன. ஒன்று, எலியை மாற்றுவது: இன்டர்ஃபெரானை உணரும் ஏற்பி இல்லாத எலிகளை வளர்ப்பது. மற்றொன்று, வைரசை மாற்றுவது: 1998-இல் அமெரிக்க ராணுவத் தொற்றுநோய் ஆய்வு நிறுவனத்தில் மைக் பிரேயும் குழுவினரும் வைரசைப் பிறந்த எலிக்குட்டிகளின் வழியே திரும்பத் திரும்பச் செலுத்தி, வளர்ந்த எலியையும் கொல்லும் வகையை உருவாக்கினார்கள். அந்த வகையும் வயிற்றறைக்குள் செலுத்தினால்தான் கொல்கிறது. தோலுக்கடியில் செலுத்தினால் எலி பிழைத்துக்கொள்கிறது. ஊசி எங்கே இறங்குகிறது என்பதைப் பொறுத்துச் சாவும் பிழைப்பும் மாறுகிறது என்றால், அந்த எலியிடம் மருந்தின் திறனை அளப்பதில் எவ்வளவு கவனம் வேண்டும் என்று நினைத்துப் பாருங்கள். அதோடு, குரங்கிலும் மனிதனிலும் காணும் ரத்த உறைவுக் கோளாறு இந்த எலியில் சரியாக வருவதில்லை. ரத்தக்கசிவுக் காய்ச்சல் என்று பெயர் பெற்ற நோயின் முக்கியமான ஒரு முகம் அங்கே இல்லை.

சிரிய ஹாம்ஸ்டர் என்ற கொறிவிலங்கு இதில் ஒரு படி மேல்; எலிக்குப் பழக்கிய அதே வைரஸ் ஹாம்ஸ்டரில் உறைவுக் கோளாற்றையும் தருகிறது. 2014-இல் வெளியான ஓர் ஆய்வு எனக்கு மிகவும் பிடித்தது. மரபுப் பின்னணி வேறுவேறாக இருக்கும்படி திட்டமிட்டுக் கலப்பினம் செய்த எலிகளுக்கு ஒரே வைரசைச் செலுத்தினார்கள். சில வகைக்கு நோயே தெரியவில்லை, சில வகை உள்ளே ரத்தம் கசிந்து இறந்தன. ஒரே குடும்பத்தில் ஒருவர் பிழைத்து மற்றவர் இறப்பதில் வைரசின் அளவுக்கும் சிகிச்சைக்கும் அப்பால், நோயாளியின் மரபணுவுக்கும் பங்கு இருக்கலாம் என்று அது காட்டியது. மனிதரில் அந்த மரபணுக்கள் எவை என்பது இன்னும் தீரவில்லை. ஃபெரெட் என்ற சிறு ஊனுண்ணி, பழக்கப்படுத்தாத எபோலா வைரசுக்கே இறந்துவிடுகிறது என்று 2016-இல் தெரியவந்தபோது பலரும் மகிழ்ந்தார்கள். ஆனால் எபோலாவின் நெருங்கிய உறவான மார்பர்க் வைரஸ் அதே ஃபெரெட்டை ஒன்றும் செய்வதில்லை. ஏன் என்பதற்கு எல்லாரும் ஏற்கும் விளக்கம் இல்லை.

ரீசஸ் உள்ளிட்ட மக்காக் இனக் குரங்குக்கு வருகிறேன். 1000 வைரஸ் அலகுகள் கொண்ட ஊசி ஒன்று தசையில் இறங்கினால், சிகிச்சை இல்லாத மக்காக் ஏறத்தாழ எப்போதும் இறந்துவிடும். பெரும்பாலும் 6 முதல் 10 நாட்களுக்குள். வைரஸ் முதலில் பிடிப்பது மேக்ரோஃபேஜ், டென்ட்ரைட்டிக் ஆகிய காவல் செல்களை. அவை நிணநீர்க் கணுக்களுக்கும் மண்ணீரலுக்கும் வைரசைச் சுமந்து செல்கின்றன, பிறகு கல்லீரலும் அட்ரீனல் சுரப்பியும் பாதிக்கப்படுகின்றன. எனக்குப் படங்களில் மிகவும் உறைத்தது மண்ணீரல்தான்: வெள்ளைக் கூழ்ப் பகுதியில் லிம்போசைட்டுகள் என்ற நோய் எதிர்ப்பு வெள்ளணுக்கள் கூட்டம் கூட்டமாக இறந்து கிடக்கின்றன. அந்த லிம்போசைட்டுகளுக்குள் வைரஸ் இல்லை! அருகிலிருக்கும் நோயுற்ற செல்கள் விடுக்கும் சமிக்ஞைகளால் அவை தாமே மடிகின்றன. செங்கூழ்ப் பகுதி முழுவதும் ரத்தத்தை உறையவைக்கும் இழைப்புரதமான ஃபிப்ரின் படிந்திருக்கும். நோயுற்ற மேக்ரோஃபேஜ்கள் திசுக்காரணி என்ற புரதத்தை வெளிக்காட்டி உறைதலைத் தொடங்கிவைக்கின்றன, உடலெங்கும் சிறு உறைகட்டிகள் உண்டாகி உறைவுப் பொருள்கள் தீர்ந்துபோகின்றன, அதன் பிறகே கசிவு. இந்த வரிசையை நமக்குச் சொன்னது மக்காக்தான். நோயாளியின் உடலில் நோயின் இரண்டாம் நாள், மூன்றாம் நாள் மண்ணீரலை யாராலும் பார்க்க முடியாது.

அந்த அறிவை வைத்து 2003-இல் ஒரு முயற்சி நடந்தது. நாயின் கொக்கிப்புழு ரத்தம் உறையாமல் உறிஞ்சப் பயன்படுத்தும் புரதத்தைப்போல ஒன்றைச் செயற்கையாகத் தயாரித்து, திசுக்காரணியின் வேலையைத் தடுக்கும்படி 9 ரீசஸ் குரங்குகளுக்குக் கொடுத்தார்கள். 3 பிழைத்தன. வைரசைத் தொடாமலேயே மூன்றிலொரு பங்கைக் காக்க முடிந்தது என்பதால் உறைவுக் கோளாறு வெறும் பின்விளைவு அன்று, நோயின் ஓட்டத்தில் அதற்குப் பங்கு இருக்கிறது என்று தெரிகிறது. 9 என்ற எண்ணிக்கையில் இதற்கு மேல் சொல்வது மிகை. மேற்கு ஆப்பிரிக்காவில் 2013 முதல் 2016 வரை பரவிய கொள்ளைநோயில் வெளிப்படையான ரத்தக்கசிவு சிறுபான்மையினரிடமே காணப்பட்டது. பெரும்பாலோரை வாட்டியது வாந்தியும் பேதியும் அவற்றால் நீரும் உப்பும் இழந்ததுந்தான். ஊசியால் நோயுற்ற மக்காக்கில் அந்தக் குடல் இழப்பு அவ்வளவு பெரிதாக வருவதில்லை.

இப்போது உங்கள் 18 குரங்குகள். 2014-இல் இசட்மேப் கட்டுரை வந்தபோது, வைரஸ் செலுத்திய 3, 4, 5-ஆம் நாட்களில் சிகிச்சை தொடங்கப்பட்ட ஆறாறு குரங்குகள் கொண்ட மூன்று குழுக்களும் முழுமையாகப் பிழைத்தன. அதில் ஐயமில்லை. ஆனால் அங்கே தொற்றிய நாளும் நேரமும் ஆய்வாளருக்குத் தெரியும். நோயாளிக்கோ தொற்றியதிலிருந்து 2 முதல் 21 நாட்கள் வரை ஒன்றும் தெரிவதில்லை. காய்ச்சல் வந்த பிறகும் மலேரியா என்று நினைத்துச் சில நாட்கள் போகின்றன. சிகிச்சை மையத்தை அடைவதற்குள் மேலும் சில நாட்கள். அடுத்து, நோயாளிகளில் கருவுற்றவர்கள் உண்டு, குழந்தைகள் உண்டு, மலேரியாவும் சேர்ந்து வந்தவர்கள் உண்டு. குரங்குகள் நலமானவை, ஒரே இனம், ஒரே அளவு வைரஸ்.

மனிதரில் நடந்த முதல் முறையான சோதனையில் 72 பேர்தான் சேர்ந்தார்கள், ஏனென்றால் அதற்குள் கொள்ளைநோய் தணிந்துவிட்டது. வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களில் 37 சதவீதமும், இசட்மேப்பும் பெற்றவர்களில் 22 சதவீதமும் இறந்தார்கள். பயன் இருப்பதுபோலத் தெரிந்தது; முன்பே வகுத்திருந்த புள்ளியியல் எல்லையை எட்டவில்லை. நீங்கள் படித்த "பாதிப்பேர்" 2018-இல் காங்கோ ஜனநாயகக் குடியரசில் தொடங்கிய பாம் (PALM) என்ற மருந்துச் சோதனையிலிருந்து வருகிறது. அதில் 681 பேர், நான்கு மருந்துகள். இசட்மேப் பெற்றவர்களில் 49.7 சதவீதமும், ரெம்டெசிவிர் பெற்றவர்களில் 53.1 சதவீதமும், எம்ஏபி114 பெற்றவர்களில் 35.1 சதவீதமும், ரீஜென்-ஈபி3 பெற்றவர்களில் 33.5 சதவீதமும் 28 நாட்களுக்குள் இறந்தார்கள். இரண்டு சோதனைகளின் எண்களையும் நேருக்கு நேர் ஒப்பிட முடியாது; இடம் வேறு, நோயாளிகள் வேறு. ஆனால் இந்த நான்கையும் தமக்குள் ஒப்பிடலாம், அங்கேதான் உங்கள் கேள்விக்கான பதில் இருக்கிறது. எம்ஏபி114 மருந்தும் 5-ஆம் நாளில் தொடங்கிக் குரங்குகளைக் காப்பாற்றியதுதான். ரெம்டெசிவிர் 3-ஆம் நாளில் தொடங்கி, உயர்ந்த அளவு பெற்ற குரங்குகள் அனைத்தையும் காப்பாற்றியதுதான். குரங்கின் கணக்கில் இந்த மூன்றும் நூற்றுக்கு நூறு. எது சிறந்தது என்று பிரித்துச் சொல்ல அந்தச் சோதனையால் முடியவில்லை. மனிதரில் சீட்டுக் குலுக்கியதுபோல் பிரித்து நடத்திய சோதனைதான் பிரித்தது.

அதே பாம் சோதனை குரங்கு சொன்ன இன்னொன்றை உறுதியும் செய்தது. மையத்துக்கு வரும்போது ரத்தத்தில் வைரஸ் குறைவாக இருந்தவர்களில், சிறந்த இரண்டு மருந்துகளைப் பெற்றவர்களில் பத்தில் ஒருவர் அளவுக்கே இறந்தார்கள். வைரஸ் மிகுந்திருந்தவர்களில் அதே மருந்துகள் இருந்தும் மூன்றில் இரண்டு பங்கு அளவுக்கு இறந்தார்கள். நோய் தொடங்கிய பிறகு தாமதித்த ஒவ்வொரு நாளுக்கும் சாவின் வாய்ப்பு விகிதம் 11 சதவீதம் கூடியது. "சீக்கிரம் கொடுத்தால் காக்கும்" என்பதுதான் மக்காக் உண்மையில் சொன்ன செய்தி. "எப்போது கொடுத்தாலும் காக்கும்" என்று நாம் அதைப் படித்துவிட்டோம்.

தடுப்பூசியில் மக்காக்கின் சாட்சியம் இன்னும் வலுவானது, ஏனென்றால் அங்கே தாமதம் என்ற சிக்கல் இல்லை. எலியையும் கினிப்பன்றியையும் காத்த பல தடுப்பூசிகள் மக்காக்கைக் காக்கவில்லை என்று 2002-இல் தொகுத்துக் காட்டப்பட்டது. கொறிவிலங்கோடு நின்றிருந்தால் அவற்றில் ஏதோ ஒன்று மனிதரிடம் வந்திருக்கும். மாறாக, கனடாவின் வின்னிபெக் ஆய்வகத்தில் உருவான, கால்நடை வைரஸ் ஒன்றின் மேல் எபோலாவின் புரதத்தைப் பொருத்திய தடுப்பூசி, 2005-இல் ஒரே ஊசியில் மக்காக் குரங்குகளைக் காத்தது. பத்து ஆண்டுகள் கழித்து கினி நாட்டில் நோயாளிகளைச் சுற்றியிருந்தவர்களுக்குப் போட்டபோது மனிதரையும் காத்தது. 2019-இல் உரிமம் கிடைத்தது. 2025 தொடக்கத்தில் உகாண்டாவில் சூடான் வகை எபோலா அறிவிக்கப்பட்ட நான்கு நாட்களில் புதிய தடுப்பூசிச் சோதனையைத் தொடங்க முடிந்ததென்றால், விலங்கு ஆய்வுகளின் முடிவுகள் முன்பே கையில் இருந்தது அதற்கு ஒரு முக்கியக் காரணம். மனிதரில் சோதிக்கவே முடியாத கொடிய நோய்களுக்கு, விலங்குச் சான்றை வைத்தே ஒப்புதல் தரும் விதியை அமெரிக்கா 2002-இல் கொண்டுவந்தது. அந்த விதியைக் குறை சொல்பவர்கள் பலர். மாற்று வழி என்ன என்று அவர்களில் யாரும் எனக்கு நிறைவு தரும்படி சொன்னதில்லை.

பிழைத்த விலங்குகளும் பேசுகின்றன. எபோலாவிலிருந்து மீண்டவர்களின் கண்ணிலும் விந்திலும் வைரஸ் மறைந்திருப்பது மேற்கு ஆப்பிரிக்காவில் தெரியவந்தபோது, பழைய சோதனைகளில் பிழைத்த ரீசஸ் குரங்குகளின் சேமித்துவைத்த திசுக்களை அமெரிக்க ராணுவ ஆய்வகத்தினர் மீண்டும் எடுத்துப் பார்த்தார்கள். 2017-இல் வெளியான அந்த ஆய்வில் கண், விந்துநாளச் சுருள், மூளை ஆகிய இடங்களில் வைரஸ் தங்கியிருந்த தடயம் சில குரங்குகளில் இருந்தது. விடை பல ஆண்டுகளாக மெழுகுக் கட்டைகளுக்குள் இருந்திருக்கிறது, யாரும் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. திசுக்களைத் தூக்கி எறியாதீர்கள் என்று மாணவர்களிடம் நான் ஓயாமல் சொல்வது இதனால்தான்.

மற்றக் காய்ச்சல்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். லாசா காய்ச்சலுக்கு 13-ஆம் எண் வகைக் கினிப்பன்றியும் மக்காக்கும் பயன்படுகின்றன. ஆண்டிஸ் ஹான்டா வைரஸ் ஹாம்ஸ்டரைக் கொல்லும், அதன் உறவான சின் நோம்ப்ரே வைரஸ் நலமான ஹாம்ஸ்டரைக் கொல்லாது. கிரிமியன்-காங்கோ காய்ச்சலுக்கு, இன்டர்ஃபெரான் பாதை அறுந்த எலிகள் 2010-இல் வரும்வரை வளர்ந்த விலங்கு மாதிரியே இல்லை.

நமக்கு அருகிலிருப்பவை இரண்டு. டெங்குவில் மக்காக்கின் ரத்தத்தில் வைரஸ் பெருகும், ஆனால் நம் மருத்துவமனைகளில் காணும் கடுமையான நோய் வராது. ஆகவே தடுப்பூசி போட்ட குரங்கின் ரத்தத்தில் வைரஸ் இல்லை என்பதை மட்டுமே அங்கே அளக்க முடிகிறது. அந்த அளவில் தேறிய சனோஃபி நிறுவனத்தின் தடுப்பூசி, தாய்லாந்தில் குழந்தைகளிடம் நடந்து 2012-இல் வெளியான சோதனையில் ஏறத்தாழ 30 சதவீதப் பாதுகாப்பே தந்தது. முன்பு டெங்கு வராதவர்களுக்கு அதைப் போட்டால் பின்னால் வரும் டெங்கு கடுமையாகலாம் என்று 2017-இல் அந்த நிறுவனமே அறிவித்தது. அந்த ஆபத்தைக் குரங்கு எச்சரிக்கவில்லை. நோயே வராத விலங்கு எச்சரிக்கவும் முடியாது.

மற்றொன்று கியாசனூர் வனநோய். 1957-இல் கர்நாடகத்தின் ஷிமோகா மாவட்டக் காடுகளில் சாம்பல் மந்திகளும் நாட்டுக் குரங்குகளும் செத்து விழுந்ததிலிருந்துதான் இந்த நோய் உலகுக்குத் தெரிந்தது. உண்ணியால் பரவும் இந்த வைரஸ் 2012-இல் நீலகிரியின் முதுமலைப் பகுதியில் இறந்த குரங்கிடமும் கண்டறியப்பட்டது. ஆய்வக எலி இந்த வைரசால் இறக்கும், ஆனால் மூளை பாதிக்கப்பட்டு இறக்கும். மனிதரில் காணும் ரத்தக்கசிவு அதில் வராது. எலியில் ஆற்றலைச் சோதித்துவந்த பழைய தடுப்பூசியைக் கர்நாடகம் 2022-இல் நிறுத்திவிட்டது. எலியின் மூளையைக் காப்பதும் காட்டோரத்து விவசாயியைக் காப்பதும் ஒன்றாகுமா என்ற கேள்வி அந்தத் தடுப்பூசியின் காலம் முழுவதும் போதுமான அளவு கேட்கப்படவில்லை என்பது என் கருத்து; தரவு வேறு விதமாகச் சொன்னால் மாற்றிக்கொள்வேன். இந்த நோய்க்கு இயற்கையே தேர்ந்தெடுத்துக் கொடுத்த விலங்கு நம் நாட்டுக் குரங்கு. புனேயில் நான்காம் நிலை ஆய்வகம் 2012 முதல் இருக்கிறது. உங்களைப் போன்ற ஒருவர் முனைவர் பட்டத்துக்குச் சிக்கல் தேடினால் நான் முதலில் காட்டுவது இதைத்தான்.

குரங்குகளின் துன்பத்தைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கருத்தரங்கில் யாராவது கேட்பார்கள். அந்தக் கேள்வி நியாயமானது. இப்போதைய நல்ல ஆய்வகங்களில் விலங்கு தானாகச் சாகும்வரை காத்திருப்பதில்லை. உடல்வெப்பம் விழுவது, எழ மறுப்பது முதலியவற்றுக்கு மதிப்பெண் போட்டு, குறித்த எல்லையை எட்டியதும் மயக்க மருந்து கொடுத்து முடித்துவிடுகிறார்கள். மருந்து தராத ஒப்பீட்டுக் குழுவை ஒன்றிரண்டு விலங்குகளாகச் சுருக்கி, பழைய சோதனைகளின் தரவைச் சேர்த்துக்கொள்கிறார்கள். எலியிலேயே விடை கிடைக்கும் கேள்விக்குக் குரங்கைத் தொடுவதை என்னால் ஏற்க முடியாது.

கருத்தரங்குக்கு முன் இசட்மேப் கட்டுரையையும் பாம் சோதனைக் கட்டுரையையும் அருகருகே வைத்துப் படியுங்கள். முடிவுரைக்குப் போகாமல் செய்முறைப் பகுதியில் தொடங்குங்கள்: எந்த வைரஸ் வகை, எவ்வளவு, எந்த வழியாகச் செலுத்தினார்கள், முதல் மருந்து எந்த நாள், அந்த நாளில் ரத்தத்தில் வைரஸ் எவ்வளவு. பிறகு பாம் கட்டுரையில் நோயாளிகள் சேர்ந்தபோது நோய் தொடங்கி எத்தனை நாட்கள் ஆகியிருந்தன என்ற அட்டவணையைப் பாருங்கள். அந்த இரண்டு பக்கங்களையும் ஒரே திரையில் காட்டிவிட்டுப் பேசத் தொடங்கினால், உங்களிடம் கேட்கப்படும் முதல் கேள்விக்குப் பதில் அங்கேயே இருக்கும்.